மோட்டார் வியாபாரிகளின் திவாலும் சிப்பந்திகளின் கதியும்

வியாபாரம் நொடித்தால் முதலாளி மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டு ஒதுங்கலாம். அவரிடம் உழைத்த சிப்பந்திகள் யாரிடம் எந்தக் கடுதாசியைக் கொடுப்பது?

போர்டு மோட்டார் கம்பெனி, ஸானந்திலும் நமது மறைமலைநகரிலும் வண்டி உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021ம் வருஷம் செப்டம்பர் 9ந் தேதி அறிவித்தது. அதன் வண்டிகளை விற்ற வியாபாரிகள் சுமார் 170 பேர் என்றும், அவர்களிடம் வேலை பார்த்தவர் ஏறக்குறைய 40,000 பேர் என்றும் மோட்டார் வியாபாரிகளின் சம்மேளனம் அப்பொழுது கணக்குக் கூறிற்று. மறைமலைநகர்த் தொழிலாளர் 2022ல் வேலைநிறுத்தம் செய்து நஷ்ட ஈட்டுக்காகப் போராடினார்கள். வியாபாரிகளும் சம்மேளனத்தின் மூலம் நஷ்ட ஈடு கேட்டார்கள். ஊருக்குப் பத்துப் பேராகச் சிதறிக் கிடந்த மெக்கானிக்குகளுக்கும் குமாஸ்தாக்களுக்கும் பரிந்து பேச யார் இருந்தார்கள்? கம்பெனியோ அவர்களைத் தன் ஆட்களாகக் கருதுவதில்லை. வியாபாரியின் சரக்கோ பெரும்பாலும் பாங்கிக் கடனில் வாங்கியது. ஆகவே கடை மூடினால் சம்பள பாக்கி கடன்களோடு கடனாகக் கிடக்கிறது.

சட்டம் செய்யும் உதவியைப் பார்ப்போம். கடை கம்பெனியாகப் பதிவாகியிருந்தால், 2016ம் வருஷத்துச் சட்டப்படி தொழிலாளரின் 24 மாதச் சம்பள பாக்கி, ஈட்டை விட்டுக்கொடுத்த பாங்கியின் கடனுக்குச் சமமான ஸ்தானம் பெறும். மற்றச் சிப்பந்திகளின் 12 மாதப் பாக்கி அதற்கு அடுத்த படி. இது ஓரளவு நியாயமே. ஆனால் தனி மனிதரோ கூட்டாளிகளோ நடத்தும் கடைக்கு, சென்னை போன்ற ராஜதானி நகரங்களுக்கு வெளியே, 2021லும் அந்நிய சர்க்கார் 1920ல் இயற்றிய இன்ஸால்வென்ஸிச் சட்டமே ஆதாரமாயிருந்தது. மனுவுக்கு முந்திய 4 மாத வேலைக்காக ஒருவர் முன்னுரிமையோடு பெறக்கூடிய சம்பளம் 20 ரூபாய்க்கு மேற்படலாகாது என்பது அந்த மூலச் சட்டத்தின் விதி. மிச்சத்துக்கு அவர் மற்றக் கடன்காரரோடு காத்து நிற்க வேண்டியதுதான். சுதந்திரம் வந்து 74 வருஷங்களுக்குப் பின்னும் இச்சட்டத்தை வைத்திருந்தது நமக்குப் பெருமையா?

ஒரே வேலைக்கு, கடையின் பதிவைப் பொறுத்து இரண்டு நீதி இருத்தல் தகாது. கடை யார் பேரில் நடந்தாலும் சம்பள பாக்கிக்கு ஒரே ஸ்தானம் வேண்டும். கம்பெனி வியாபாரிக்கு நஷ்ட ஈடு கொடுக்கும்போது, முதற்பங்கு சிப்பந்திகளுக்கென்று ஒப்பந்தத்திலேயே நிபந்தனை வேண்டும். பார்லிமெண்டு அங்கத்தினரும் தொழிற்சங்கத் தலைவர்களும் இதை வற்புறுத்த வேண்டும். உழைத்தவனுக்குக் கூலி நிச்சயமில்லாத தேசத்தில் கைத்தொழில் அபிவிருத்தி என்று பேசுவது வீண்.