எம்மா லிவ்ரியின் மேல் பழி வேண்டாம்

19ஆம் நூற்றாண்டின் பாலே நடனக்காரிகள் அழகு மோகத்தால்தான் தீயில் கருகினார்கள் என்கிறார் ஒரு கட்டுரையாளர். பாரிஸ் ஓபரா நடனக்காரி எம்மா லிவ்ரியைச் சாட்சிக்கு இழுக்கிறார். உண்மைதான், தீத்தடுப்புக் கரைசலில் நனைத்த பாவாடையை எம்மா மறுத்தார். பொறுப்பு தன்னுடையது என்று எழுதியும் கொடுத்தார். ஏன் மறுத்தார் என்பதை மட்டும் கட்டுரை கேட்கவேயில்லை. அந்தக் கரைசல் பட்டால் மஸ்லின் விறைத்துவிடும், வெண்மை மங்கிவிடும். 1832இல் 'லா சில்ஃபீட்' பாலே மேடையேறியது முதல் பாரிஸ் ஓபரா ரசிகர்கள் காசு கொடுத்துப் பார்க்க வந்ததே காற்றில் மிதக்கும் அந்த வெள்ளைப் பாவாடையைத்தான். எடையற்றவளாகத் தெரிவது எம்மாவின் வேலை, மோகமல்ல. அந்தப் பாவாடைக்குப் பக்கத்திலேயே வாயு விளக்கைத் திறந்த சுடராக எரியவிட்டது யார்? லண்டன் ட்ரூரி லேன் மேடையில் உடை தீப்பற்றியதால் நடனக்காரி கிளாரா வெப்ஸ்டர் மாண்டது 1844இல். 18 ஆண்டுகள் கழிந்தும் சுடர் மூடப்படவில்லை. 1862 நவம்பர் ஒத்திகையில் தீப்பிடித்த எம்மா எட்டு மாதம் துடித்து இறந்தார். வயது 20. அவர் கையெழுத்தைத் தேடிப் படித்தவர், அந்த விளக்கைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும்.