வெள்ளி ஆறு மணிக்கு யார் வருவினம்?

"சனம் மைதானத்துக்கு வருகுதில்லை" எண்டு ஒப்பாரி வைக்கிறவர்களிடம் எங்களுக்கு ஒரே கேள்விதான்: வெள்ளி மாலை 6 மணிக்கு ஆட்டத்தை வைத்தது யார்? அவுஸ்திரேலிய றக்பி லீக்கின் நேர அட்டவணை சனல் நைனுக்கும் ஃபொக்ஸுக்கும் வசதியாகவே போடப்படுகிறது. 2019இல் பரமட்டாவில் 30,000 இருக்கைகளோடு புது மைதானம் திறந்தார்கள். வேலை முடிஞ்சு, பிள்ளையளையும் ஏத்திக்கொண்டு, எம்4 நெரிசலைத் தாண்டி அந்த நேரத்துக்குள்ள ஆர் போய்ச் சேருறது? (வென்ட்வேர்த்வில்லில் இருக்கிற எங்கட ஆக்களைக் கேளுங்கோ, சொல்லுவினம்.) வியாழன் இரவெண்டால் அடுத்த நாள் பள்ளிக்கூடம். அங்கத்துவக் காசை மட்டும் சீசன் தொடங்க முதலே கேட்கிறார்கள். காசு கட்டியும் வரமுடியாதவன் விசுவாசமில்லாதவனாம். ஞாயிறு பின்னேர ஆட்டங்களைக் கூட்டுங்கோ எண்டால் தொலைக்காட்சி ஒப்பந்தத்தைக் காட்டுகினம்.