சம்பந்தியம்மாவும் அடையாறும்

லீவு நாளில் பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே கட்டிப் போடாதீர்கள் என்று போன இதழில் எழுதியிருந்தேன். "எங்கே கூட்டிக்கொண்டு போவது? ஓட்டல், சினிமா என்று கிளம்பினால் மாதக் கடைசியில் கையைக் கடிக்கிறதே" என்று பக்கத்து வீட்டு இளம் தாயார் ஒருத்தி உடனே கேட்டுவிட்டாள். நியாயம்தானே? அதனால் இந்தத் தடவை, கையைக் கடிக்காத ஓர் இடத்துக்கு நாங்கள் போய் வந்த கதையைச் சொல்கிறேன். ஆற்றங்கரைக்குத்தான் போனோம், அதுவும் பட்டணத்து ஆற்றங்கரைக்கு.

என் மகள் வாழ்க்கைப்பட்டது சென்னை சைதாப்பேட்டையில். அவள் வீட்டிலிருந்து பொடிநடையாக ஐந்து நிமிஷம் நடந்தால் அடையாறு. ஆனால் அந்த வீட்டில் ஆற்றுப் பக்கத்து ஜன்னலைத் திறந்து நான் பார்த்ததே இல்லை. நாற்றத்துக்குப் பயந்துதான் சாத்தி வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பேத்தி, "ஆயா, அங்க என்ன இருக்கு?" என்று ஜன்னலைக் காட்டிக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தியம்மா குழந்தையை வெடுக்கென்று தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது.

2015 டிசம்பர் முதல் தேதி ராத்திரி அவர்கள் தரைத்தள வீட்டில் இருந்தார்கள். விடாத மழை. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி, அன்று ராத்திரி வினாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்தார்கள். வழியில் மற்ற ஏரிகளின் வெள்ளமும் சேர்ந்துகொண்டது. மறைமலை அடிகள் பாலத்தின் மேலேயே தண்ணீர் ஓடியதை அப்போது எல்லோரும் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். சம்பந்தியம்மாவோ இருட்டில், படுத்த படுக்கையாய் இருந்த தன் மாமியாரை முதுகில் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறியிருக்கிறார். இரண்டு நாள் மொட்டை மாடியில் தார்ப்பாய்க்கு அடியில். கீழே தையல் மிஷின், கிரைண்டர், கல்யாண ஆல்பம் எல்லாம் சேற்றோடு சேறு.

"அந்த ஆத்துப் பேச்சே எடுக்காதீங்க சம்பந்தியம்மா. மழைன்னா இன்னிக்கும் எனக்கு ராத்தூக்கம் கிடையாது" என்றார். பத்து வருஷமாகியும் கார்த்திகை பிறந்தால் ரேஷன் கார்டு, பத்திரம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிடுவாராம்.

அவர் பயம் பொய்யில்லை. ஆனால் அந்தப் பயம் அப்படியே மூன்று வயசுக் குழந்தைக்கும் போகிறதே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. "ஆத்தங்கரைக்கு வேண்டாம், ஒரு பூங்காவுக்குப் போகலாம். நான் கூட இருக்கேன். பிடிக்கலேன்னா திரும்பிடலாம்" என்று சொல்லி வைத்தேன். மகள் போனில் பார்த்து, போக வேண்டிய நாளையும் நேரத்தையும் குறித்து வைத்தாள்.

நான் கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறி, செஞ்சி, திண்டிவனம் வழியாகக் கிளாம்பாக்கத்தில் இறங்கினேன். ஒரு வேடிக்கை கேளுங்கள். அடையாறு பிறக்கும் ஆதனூர் அங்கிருந்து அதிக தூரமில்லை! எங்கோ மலையில் உற்பத்தியாகிற ஆறு இல்லை இது. ஏரிகள் நிரம்பி வழிகிற உபரித் தண்ணீர் ஒன்று சேர்ந்து ஓடுகிற ஆறு. சுமார் 42 கிலோமீட்டர்தான் நீளம். ஓடி வந்து பட்டினப்பாக்கம் பக்கத்தில் கடலில் கலக்கிறது.

நாங்கள் போன இடம் ராஜா அண்ணாமலைபுரத்தில் உள்ள தொல்காப்பியப் பூங்கா. அடையாறு பூங்கா என்றும் சொல்வார்கள். ஆறு கடலைத் தொடுகிற இடத்துக்கு அருகே, அடையாற்றின் உப்பங்கழி ஓரமாக 58 ஏக்கர் நிலம். ஒரு காலத்தில் கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டிக் கிடந்த இடம். அதையெல்லாம் அள்ளிவிட்டு, பள்ளம் தோண்டித் தண்ணீர் நிற்க வைத்து, நம் நாட்டு மரம் செடிகளை நட்டு, 2011 ஜனவரியில் திறந்தார்கள். 2025-ல் புதுப்பித்திருக்கிறார்கள். தொல்காப்பியத்தில் குறிஞ்சி, முல்லை என்று நிலத்தைப் பிரித்துச் சொல்லியிருக்கிறதே, பெயரைக் கேட்டதும் அதுதான் நினைவுக்கு வந்தது.

ஊஞ்சல், சறுக்குமரம், வெட்டிவிட்ட புல்தரை என்று நினைத்துப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். இங்கே நடைபாதை, இரண்டு பக்கமும் மரம், நாணல், குட்டை, சேறு. அவ்வளவுதான். ஆனால் குழந்தைக்கு அதுவே போதுமாக இருந்தது! சேற்றில் வளையைவிட்டு எட்டிப் பார்த்த நண்டைக் கண்டதும் கையைத் தட்டிக்கொண்டு குதித்தாள். நீர்க்காகம் ஒன்று இறக்கையை விரித்துக்கொண்டு வெயில் காய்ந்தது. "பாட்டி, அது துணி காயப்போட்டிருக்கு" என்றாள். நாள் முழுக்கச் சிரிக்காத சம்பந்தியம்மாவும் அதற்குச் சிரித்துவிட்டார்.

அலையாத்தி மரங்களைக் காட்டினேன். சேற்றுக்குள் காற்று கிடைக்காது. அதனால் அந்த மரம் தன் வேரையே விரல் விரலாக மேலே நீட்டி மூச்சு விடுகிறது. உப்புத் தண்ணீரிலும் வளரும். அலையின் வேகத்தைத் தாங்கிக் கரையைப் பிடித்து வைக்கும். மீன்குஞ்சும் இறால்குஞ்சும் அந்த வேர்களுக்கு நடுவேதான் ஒளிந்து வளரும். "நம்ம வீட்டுப் பொம்பளைங்க மாதிரி, கஷ்டத்திலயும் மூச்சு விடக் கத்துக்கிச்சு" என்று சம்பந்தியம்மா முணுமுணுத்தார்.

கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். திடீரென்று சம்பந்தியம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். முகம் வெளுத்துவிட்டது. "சம்பந்தியம்மா, தண்ணி ஏறுதுங்க!"

நானும் பார்த்தேன். நாங்கள் வந்தபோது வெளியே தெரிந்த சேற்றுத் திட்டின் ஓரத்தை நாலு விரல் அளவு தண்ணீர் மூடியிருந்தது. நண்டு வளையைக் காணோம். எனக்கும் முதலில் திக்கென்றது. அப்புறம்தான் புரிந்தது, அது கடல் ஏற்றம். முகத்துவாரம் திறந்திருந்தால் தினமும் இரண்டு தடவை கடல் தண்ணீர் கழிக்குள் ஏறும், இறங்கும். ஓதம் என்று பழைய பெயர்.

"ஏறட்டும், பார்த்துக்கிட்டே இருங்க" என்றேன். அவர் கையை விடவில்லை. இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். தண்ணீர் சேற்றின்மேல் மெல்லப் பரவியது. நாணலுக்குள் புகுந்தது. பள்ளத்தை நிரப்பியது. அவ்வளவுதான். எங்கள் பக்கம் வரவில்லை. அதற்குப் போக இடம் இருந்தது, போயிற்று.

"இதாங்க விஷயம். தண்ணிக்கு இடம் இருந்தா அது நம்ம வாசலுக்கு வராது" என்றேன்.

சம்பந்தியம்மா லேசுப்பட்டவர் இல்லை. உடனே கேட்டார்: "இந்தப் பூங்கா 2011-லயே வந்துடுச்சின்னு சொல்றீங்க. அப்புறம் 2015-ல எங்களை ஏன் காப்பாத்தல?"

சரியான கேள்வி. நான் பத்தாவது வரை படித்தவள், என்ஜினீயர் இல்லை. ஆனாலும் ஏரிக்காட்டில் பிறந்தவள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எங்கள் பக்கம் ஏரிக்கு மதகு உண்டு, கலங்கல் உண்டு. நிரம்பிய தண்ணீர் கலங்கல் வழியாக இறங்கி, வாய்க்காலில் ஓடி அடுத்த ஏரிக்குப் போகும். அந்த வழியில் பெரியவர்கள் மாடு மேய்த்தார்கள், கோரை அறுத்தார்கள், வீடு கட்டவில்லை. வழி முழுக்க இடம் விட வேண்டும். கடைசியில் ஒரு முனையில் மட்டும் 58 ஏக்கர் விட்டால், நடுவழியில் இருக்கிற சைதாப்பேட்டையை அது எப்படிக் காப்பாற்றும்? வீட்டுச் சாக்கடைக் குழாயை நடுவில் அடைத்து வைத்துவிட்டு, வாசலில் மட்டும் கால்வாயைப் பெருக்கினால் அடுக்களையில் தண்ணீர் நிற்காமல் இருக்குமா?

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப எங்க வீட்டுப் பக்கமும் இப்படி இடம் விட்டிருக்கணும்" என்றார் மெதுவாக. ஆற்றைப் பற்றி அவர் பயமில்லாமல் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

வெளிநாட்டிலும் இதே பாடத்தைப் பட்டுத்தான் கற்றிருக்கிறார்கள். நெதர்லாந்தில் நைமேகன் என்று ஒரு நகரம். அங்கே ஓடுகிற ஆறு குறுகலான இடத்தில் நெருக்கிப் பிடித்துக்கொண்டு 1993-லும் 1995-லும் ஊரையே மிரட்டியது. சுவரை இன்னும் உயர்த்தலாம் என்று விடாமல், கரையையே 350 மீட்டர் பின்னுக்குத் தள்ளி, ஆற்றுக்குப் பக்கக் கால் ஒன்று வெட்டிக் கொடுத்தார்கள். அதற்காகச் சில வீடுகளைக்கூட அகற்ற வேண்டியிருந்தது. இரண்டு கால்களுக்கும் நடுவே உண்டான தீவு இன்று ஜனங்கள் உலாவுகிற பூங்கா. வெள்ளம் வந்தால் ஆற்றுக்கு, வற்றினால் மனுஷருக்கு!

நாங்கள் மட்டும் ரொம்ப ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. 2024 டிசம்பரில் பெஞ்சல் புயல் வந்தபோது, திருவண்ணாமலையில் மலைச்சரிவில் வீடு புதைந்து ஏழு உயிர் போனதை மறக்க முடியுமா? மறுநாள் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் வினாடிக்கு 1,68,000 கன அடி திறந்தார்கள். அன்று சம்பந்தியம்மாதான் முதலில் போன் செய்து, "நீங்க பத்திரமா?" என்று கேட்டார். எங்கள் பக்கத்திலும் இப்போது வாய்க்கால் ஓரத்தில் மனைக்கல் நட்டுக் கலர்க் கொடி கட்டுகிறார்கள். விலை மலிவு என்று நாமும் ஆசைப்படுகிறோம். மனை வாங்குமுன் ஐப்பசி மழையில் ஒரு தடவை அங்கே போய்த் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள், சகோதரிகளே. வீட்டுக்காரர் பத்திரத்தைப் பார்க்கட்டும், நாம் தண்ணீரைப் பார்ப்போம்.

அதற்குத்தான் ஆற்றங்கரைக்குப் போங்கள் என்கிறேன். பார்க்காத ஆறு குப்பைத்தொட்டி ஆகிவிடும். பார்த்துப் பழகின ஆற்றில் யாராவது லாரியில் மண் கொட்டினால் நமக்கு வயிறு எரியும், வாயைத் திறந்து கேட்போம்.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள்:

தொல்காப்பியப் பூங்காவுக்கு நினைத்த நேரத்தில் நுழைந்துவிட முடியாது. நாள், நேரம், கட்டணம் எல்லாம் முன்னாலேயே விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். வெயில் ஏறுமுன் போய்விடுவது நல்லது.

கைக்குழந்தை என்றால் கால் மூடும் பருத்தி உடை போடுங்கள், கொசு இருக்கும். நடக்கிற குழந்தைக்குப் பின்பட்டை வைத்த செருப்பு நல்லது. தண்ணீர் ஓரத்தில் குழந்தையின் கையை விடவே கூடாது. பறவை காட்டுகிறேன் என்று போனைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.

பட்டணத்து ஆற்றுத் தண்ணீரில் கை கால் நனைக்க வேண்டாம். திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாடு. குடிக்கத் தண்ணீர் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். தின்பண்டத்தைப் பூங்காவுக்குள் பிரிக்காதீர்கள். நாங்கள் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் வீட்டிலேயே செய்து வைத்துவிட்டுப் போனோம். வந்ததும் பசிக்கு அமிர்தமாக இருந்தது.

பிள்ளை பெற்ற இளம் தாய்மார்களே, டாக்டர் நடக்கலாம் என்று சொன்ன பிறகு நாலு சுவருக்குள்ளேயே கிடக்காதீர்கள். மரநிழலில் அரை மணி நடந்தால் உடம்போடு மனசும் லேசாகும். முட்டி வலிக்காரர்கள் மெதுவாக நடந்து, இடையிடையே உட்காருங்கள்.

ஆறே இல்லாத ஊரா? எங்கள் ஊரும் அப்படித்தான். ஏரிக்கரைக்குப் போங்கள். மதகு எது, கலங்கல் எது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பிள்ளைக்குக் காட்டுங்கள். இதைவிடப் பெரிய பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஊருக்கு வந்து பத்து நாள் கழித்து மகள் போன் செய்தாள். அத்தை இன்னும் பத்திரத்தைக் கவரில் சுற்றித்தான் வைத்திருக்கிறாராம். அது இருக்கட்டும், அதுவும் புத்திசாலித்தனம்தான். ஆனால் சாயந்திரம் காப்பி குடித்த பிறகு அந்த ஜன்னலைத் திறந்து, பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அதோ பாரு, அது அடையாறு. ஏரியிலேர்ந்து வருது, கடலுக்குப் போகுது" என்று சொல்லிக் கொடுக்கிறாராம்.