படிகத்துக்குள்ளேயே இருக்கும் கதிரியக்கம்

கதிர்வீச்சு அளக்கும் கருவியில் எண்ணிக்கை ஏறினால், சுற்றுப்புறத்தில் ஏதோ இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அந்த எண்ணிக்கையில் ஒரு பங்கு கருவியிலிருந்தே வரக்கூடும். கதிர் பட்டால் ஒளிரும் படிகமாகிய சிண்டிலேட்டரே கதிரியக்கம் உடையதாக இருக்கலாம். இதைப் பழுது என்று எண்ணிக் கருவியை ஒதுக்குவதும் தவறு, தெரியாமல் மண்மேல் பழி போடுவதும் தவறு.

லாந்தனம் புரோமைடு படிகத்தை எடுத்துக்கொள்வோம். இயற்கை லாந்தனத்தில் 0.09 சதவீதம் லாந்தனம்-138. அதன் அரை ஆயுள் சுமார் பத்தாயிரம் கோடி ஆண்டுகள். வேதிமுறையில் எவ்வளவு தூய்மைப்படுத்தினாலும் அது போகாது, அதுவும் லாந்தனம்தானே. மூன்றில் இரண்டு சிதைவுகளில் 1436 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமாக் கதிர் பிறக்கிறது. மண்ணிலும் சுவரிலும் உள்ள பொட்டாசியம்-40இன் காமாவுக்கோ 1461.

எப்படிப் பிரித்தறிவது? முதலில் கருவியைக் காரீயக் கவசத்துக்குள் வைத்து அளக்க வேண்டும். வெளியிலிருந்து வருவது வெகுவாகக் குறையும், உள்ளிருப்பது அப்படியே நிற்கும். ஆனால் படிகத்தின் ஒளியை மின்துடிப்பாக்கும் ஒளிப்பெருக்கிக் குழாயின் கண்ணாடியிலும் பொட்டாசியம் உண்டு, அதுவும் கவசத்துக்குள்தான் இருக்கிறது. எனவே காரீயம் மட்டும் போதாது. ஆற்றல் நிறமாலையில் முகடு எங்கே நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும். சிதைவு படிகத்துக்குள் நடப்பதால், காமாவோடு, லாந்தனம் சிதைந்து உருவாகும் பேரியத்தின் எக்ஸ் கதிர் ஆற்றலும் அதே கணத்தில் சேர்ந்து பதிவாகிறது. அதனால் முகடு 1470 பக்கம் நகர்ந்து, பொட்டாசியம் முகட்டோடு ஏறக்குறைய ஒட்டிக்கொள்கிறது. வெளியிலிருந்து வரும் காமாவுக்கு இந்தக் கூட்டல் இல்லை. அந்தக் கலப்பு முகட்டைப் பொட்டாசியம் என்று நம்பி ஆற்றல் அளவுகோலைத் திருத்துவது ஆபத்து. கோபால்ட்-60 போன்ற அறிந்த மூலத்தைக் கொண்டே திருத்த வேண்டும்.

ஆல்ஃபா துகள்கள் தரும் சான்று இன்னும் உறுதியானது. படிகத்தைச் சுற்றியுள்ள அலுமினிய உறையை அவற்றால் கடக்க முடியாது. பதிவானால் மூலம் உறைக்கு உள்ளேதான் இருக்கிறது. லாந்தனத்தின் வேதி உறவான ஆக்டினியம்-227 அதோடு கலந்து வருவதுண்டு. அதன் வழித்தோன்றல்களின் ஆல்ஃபாக்கள் ஆறேழு மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் கொண்டவை. ஆனால் ஆல்ஃபா குறைவாகவே ஒளி எழுப்புவதால், அவை 1.6 முதல் 3 வரையிலான பகுதியில் மேடாகத் தெரிகின்றன. தோரியம் தொடரின் 2.6 காமா விழுவதும் அங்கேதான்.

இத்தாலியின் கிரான் சாஸோ ஆய்வகத்தில் கரும்பொருளைத் தேடிய டாமா குழுவின் சோடியம் அயோடைடு படிகங்களிலும் பொட்டாசியம் சிறிதளவு இருந்தது. பொட்டாசியம்-40 விடும் 3.2 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல், அவர்கள் தேடிய பகுதியிலேயே விழுகிறது. கூடவே பிறக்கும் 1461 காமா தப்பிப் பக்கத்துப் படிகத்தில் பதிவானால், இரண்டையும் இணைத்துப் பார்த்து அந்தப் படிகத்தில் எவ்வளவு பொட்டாசியம் என்று கணக்கிட்டுவிடலாம்.