ஓர் இரவு போதாது

குமரிமுனைக்கு வருகிறவர்கள் சூரியோதயம் பார்த்து, படகேறிப் பாறைக்குப் போய், அன்றே ரயிலேறிவிடுகிறார்கள். 1892 டிசம்பரில் விவேகானந்தர் மூன்று நாள் தவமிருந்த அந்தப் பாறையில் இன்று யாரும் இராத்தங்க முடியாது. கரையில் விவேகானந்தபுரத்தில் விவேகானந்த கேந்திரத்தின் எளிய அறைகள் உண்டு. மாதக்கணக்கில் தங்க நினைப்பவருக்கோ நாஞ்சில் நாடு சற்றுத் தள்ளித்தான் இருக்கிறது: பழையாறு கடலில் சேரும் மணக்குடியின் அலையாத்திக் காடு, 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம், தேரூர் குளங்கள், கன்னிப்பூ நெல் அறுத்துக் கும்பப்பூ நெல் நடும் வயல்கள். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையையும் ஐப்பசி மழையையும் இங்கேயே இருந்து பார்க்க வேண்டும். அதற்கு, இங்கே பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீடுகளை நியாயமான மாத வாடகைக்கு விட ஊராட்சிகள் வழி செய்யட்டும்.