மலிவு விலை மைக் ஸ்டாண்ட்: எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது?

வீட்டிலேயே பாட்டு பதிவு செய்ய வேண்டும், கல்லூரி மேடையில் நண்பர்களோடு சேர்ந்து கச்சேரி செய்ய வேண்டும் என்று ஆசைப்படும் மாணவர்கள் முதலில் தேடுவது நல்ல மைக்கைத்தான். எந்த மைக், என்ன விலை, யார் எதை வைத்துப் பாடுகிறார்கள் என்று வாரக்கணக்கில் பேச்சு நடக்கும். சேர்த்து வைத்த பணமெல்லாம் அதற்கே போய்விடும். கடைசியில் மிஞ்சிய சில்லறையில் வாங்குவதுதான் ஸ்டாண்ட். "வெறும் கம்பிதானே, எதுவாக இருந்தால் என்ன?" என்கிற நினைப்பு!

அந்த வெறும் கம்பிதான் மைக்கை வாய்க்கு நேராக நிறுத்துகிறது. அது நிற்காவிட்டால் எவ்வளவு நல்ல மைக்காக இருந்தும் பயனில்லை. பணம் குறைவாக இருப்பது குற்றம் இல்லை. பெரும்பாலான மாணவர்களின் நிலைமை அதுதான். ஆனால் குறைந்த பணத்தில் வாங்கும்போது வசதிகளைக் குறைத்துக்கொள்ளலாமே தவிர, எடையையும் பிடிப்பையும் குறைத்துக்கொள்ளக் கூடாது. கடைகளில் நடப்பதோ நேர்மாறு. ஒரே விலையில் நீளும் கை, மடங்கும் கால், செல்போன் மாட்டும் கொக்கி என்று எது அதிகமாகத் தெரிகிறதோ, அதையே எல்லோரும் எடுக்கிறார்கள்.

பழி யார் தலையில்?

தண்டின் உச்சியிலிருந்து குறுக்காக நீளும் கையைப் பூம் என்பார்கள். மலிவான ஸ்டாண்டில் முதலில் தோற்பது இந்தப் பூமும் தண்டும் சேரும் மூட்டுதான். பல்லவி பாடும்போது வாய்க்கு நேராக இருந்த மைக், சரணத்துக்குள் மெல்லத் தாடைக்கு இறங்கிவிடும். பாடுபவரும் தன்னை அறியாமல் கூடவே குனிவார். குனிந்தால் மூச்சு குறையும், சுருதி ஆடும்.

வாய்க்கும் மைக்குக்கும் இடையே 10 செ.மீ. இருந்தது 20 செ.மீ. ஆனால் மைக்குக்குப் போகும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. ஒலியமைப்பாளர் அதை ஈடுகட்ட அளவைக் கூட்டுவார். உடனே ஸ்பீக்கர் "கீ..." என்று அலறும். கூட்டத்தில் இருப்பவர்கள் "பாட்டு சரியில்லை" என்பார்கள், இல்லை "மைக்செட் சரியில்லை" என்பார்கள். ஸ்டாண்ட் சரியில்லை என்று யாரும் சொல்வதில்லை. முதல் முறை மேடை ஏறிய ஒருவர் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு அடுத்த முறை ஏறத் தயங்கினால், அது ஸ்டாண்டில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாயை விடப் பெரிய நஷ்டம்.

கொஞ்சம் கணக்கு

மேடைகளில் அதிகம் தென்படும் ஷூர் எஸ்எம்58 மைக் 1966-ல் வந்தது. அதன் எடை 298 கிராம். வானொலி, பாட்காஸ்ட் ஆட்கள் விரும்பும் எஸ்எம்7பி 765 கிராம். கையில் பிடித்தால் இரண்டுமே பெரிய எடை இல்லை. ஆனால் முக்கால் மீட்டர் பூமின் நுனியில் மாட்டினால் கதை வேறு. பூம் நீள நீள மூட்டின் மேல் விழும் பாரமும் அதே விகிதத்தில் ஏறுகிறது.

கவிழ்வதற்கும் ஒரு கணக்கு உண்டு. 2 கிலோ எடையுள்ள முக்காலி ஸ்டாண்ட், தண்டிலிருந்து ஒவ்வொரு காலும் 30 செ.மீ., பூம் 70 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பூம் இரண்டு கால்களுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருந்தால், நுனியில் அரை கிலோவைக் கொஞ்சம் தாண்டினாலே ஸ்டாண்ட் சாயும். அதே பூமை ஒரு காலுக்கு நேர் மேலே திருப்பினால் ஒன்றரை கிலோ வரை தாங்கும். பூமின் சொந்த எடையைச் சேர்த்தால் இரண்டும் இன்னும் குறையும், ஆனால் வித்தியாசம் அப்படியே இருக்கும். பைசா செலவில்லாமல், வெறுமனே திருப்பி வைப்பதால் கிடைக்கும் பாதுகாப்பு இது! பூம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரு கால் பூமுக்கு நேர் கீழே வரும்படி வைக்கப் பழக வேண்டும். தண்டின் அடியில் ஒரு துணிப்பையில் இரண்டு கிலோ மணல் கட்டித் தொங்கவிட்டால் இன்னும் நல்லது.

மேடைக்கு எது?

நின்று பாடுபவருக்குப் பூமே தேவையில்லை. கனமான வட்ட அடித்தட்டு உள்ள நேர் ஸ்டாண்ட் போதும். மூட்டு இல்லாததால் தொங்குவதற்கும் ஒன்றுமில்லை. கால்கள் பரப்பிக்கொண்டு நிற்காததால் யாரும் தடுக்கி விழவும் மாட்டார்கள். ஒரே விலையில் பூமோடு ஒன்று, பூம் இல்லாமல் ஒன்று என்று இரண்டு இருந்தால், பூம் இல்லாததில்தான் அந்தப் பணம் இரும்பாக மாறியிருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் பலகை அடித்த பந்தல் மேடையில், மேடுபள்ளத்தின் மேல் ஜமக்காளம் விரித்திருந்தால், வட்டத் தட்டு ஆடும். மூன்று கால் மட்டும் எந்தத் தரையிலும் ஆடாமல் உட்காரும். அப்படிப்பட்ட மேடைகளில் அடிக்கடி பாடுபவர்கள் முக்காலியே வாங்கலாம்.

கிதார் வாசித்துக்கொண்டே பாடுபவருக்குப் பூம் அவசியம். தரையில் உட்கார்ந்து பாடும் கர்நாடகக் கச்சேரிக்கு அது மட்டும் போதாது. சாதாரண ஸ்டாண்டுகள் பெரும்பாலும் மூன்று அடிக்குக் கீழே இறங்குவதில்லை. உட்கார்ந்திருப்பவரின் வாயோ அதற்கும் கீழே. மிருதங்கத்தின் வலந்தலைக்கும் தொப்பிக்கும் மைக் வைக்க இன்னும் கீழே போக வேண்டும். இவர்கள் உயரமான ஸ்டாண்டை வாங்கிவிட்டு மல்லுக்கட்டாமல், குட்டை ஸ்டாண்டையே கேட்டு வாங்குவது நல்லது.

வீட்டுக்கு எது?

மைக், மேஜையில் கவ்வும் கை, காற்றுத் தடுப்பு எல்லாம் ஒரே பெட்டியில் மலிவாகக் கிடைக்கின்றன. பார்க்க ஸ்டுடியோ மாதிரியே இருக்கும். ஆனால் மேஜையில் மாட்டிய கை, மேஜையில் நடக்கும் அத்தனையையும் மைக்குக்குச் சொல்லிவிடும். கீபோர்டைத் தட்டினாலும், டம்ளரை வைத்தாலும் "டொக்" என்று பதிவாகும். ஸ்பிரிங் வைத்த கைகளுக்கு எடை வரம்பும் உண்டு. கனமான மைக் கீழே இறங்கும், லேசான மைக் தானாக மேலே ஏறும். இடம் இருப்பவர்கள் தரையில் நிற்கும் ஸ்டாண்டையே வாங்கி, மேஜையைத் தொடாமல் தள்ளி வைக்கலாம். அடியில் ஒரு தடித்த மிதியடியை மடித்துப் போட்டால் காலடிச் சத்தமும் குறையும். விடுதி அறையில் கட்டிலுக்கும் மேஜைக்கும் நடுவே அதற்கு இடமில்லை என்றால் மட்டும் மேஜைக் கை.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் கையில் தூக்கிப் பாருங்கள். லேசாக இருந்தால் வைத்துவிடுங்கள். இணையத்தில் வாங்குபவர்கள் படத்தைப் பார்க்காமல் எடை எத்தனை கிலோ என்று பார்க்க வேண்டும். அடுத்து, பூமை முழுதாக நீட்டி, நுனியில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். இறங்கினால் வேண்டாம். வீட்டுக்கு வந்த பொருளாக இருந்தால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும். மூன்றாவது, திருகும் மூட்டும் உலோகமா, பிளாஸ்டிக்கா? பிளாஸ்டிக் மரை நாலு கச்சேரியில் தேய்ந்துவிடும். மரை கழன்ற ஸ்டாண்டை வைத்துக்கொண்டு யாரும் பாட முடியாது!

மரை அளவும் முக்கியம். அமெரிக்க வழக்கம் 5/8 அங்குலம், ஐரோப்பிய வழக்கம் 3/8 அங்குலம். இரண்டையும் இணைக்கும் சின்னப் பித்தளை அடாப்டர் மலிவுதான், ஆனால் நிகழ்ச்சி நாளன்று மாலை ஆறு மணிக்குத் தேடினால் கிடைக்காது. முன்பே ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கியதைக் காப்பாற்றுவதும் கையில்தான் இருக்கிறது. மூட்டை இறுக்கியபடியே பூமை வளைப்பதுதான் பலரும் செய்யும் தப்பு. உள்ளே இருக்கும் வாஷர் அதனால்தான் தேய்கிறது. முதலில் தளர்த்த வேண்டும், பிறகு திருப்பி, மறுபடி இறுக்க வேண்டும்.

ஆக, ஐயாயிரம் ரூபாய் கையில் இருந்தால் முழுவதையும் மைக்குக்கே கொடுக்க வேண்டாம். நாலாயிரத்துக்கு மைக், ஆயிரத்துக்கு ஆடாமல் நிற்கும் ஒரு நேர் ஸ்டாண்ட் என்று பிரித்துக்கொள்வதே புத்திசாலித்தனம். கீழே விழுந்து உடைந்த ஐயாயிரம் ரூபாய் மைக்கை விட, நிமிர்ந்து நிற்கும் நாலாயிரம் ரூபாய் மைக் எப்போதும் நன்றாகத்தான் பாடும்.