மாலைப் பார்வையும் லேசர் சிகிச்சையும்

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் சாலையில் இருட்டிய பின் வண்டி ஓட்டும் நம் அங்கத்தினர் சிலர், எதிரே வரும் விளக்கைச் சுற்றி ஒளி வட்டமாகப் படர்வதாகக் குறைப்படுகின்றனர். அவரவர் கண்ணுக்கேற்ப அளவெடுத்துச் செய்யும் லேசர் சிகிச்சை இதனைப் போக்குமென்று கேள்வியுற்று, சங்கத்தில் கடனும் கேட்கின்றனர். கொடுக்கலாமா? கேட்பவர்க்கெல்லாம் கூடாது என்பதே நம் கருத்து.

சிகிச்சையை நாம் குறைத்துப் பேசவில்லை. அதன் மூலத்தில் நம்மவர் கையும் உண்டு. சென்னைப் பல்கலைக் கழகத்தில் பயின்ற ரங்கசாமி சீனிவாசன், அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில், 1981-இல், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின்மேல் எக்ஸைமர் லேசரைச் செலுத்தினார். சுற்றியுள்ள தசை கருகாமல் மெல்லிய தடம் விழுந்தது. அவரும் உடனுழைத்த இருவரும் கண்ட அவ்வழியே இன்று கருவிழிப் படலத்தைச் செதுக்குகிறது.

இருளில் கண்மணி விரியும். பகலில் ஒதுங்கியிருந்த படலத்தின் ஓரத்துக் கோணல்கள் வழியாகவும் அப்போது ஒளி புகுந்து சிதறுகிறது. அக்கோணல்களை அலைமுகக் கருவி அளந்து தர, லேசர் அதற்கேற்பச் சீர் செய்யும். 2002-இல் அமெரிக்க அரசு இம்முறைக்கு அனுமதி தந்தது. ஆயினும் சிலருக்குச் சிகிச்சைக்குப் பின் கண் உலர்தலும், புதிதாக ஒளிவட்டம் தோன்றுதலும் உண்டு.

மாலையில் பார்வை மங்குவதெல்லாம் படலத்தின் குற்றமுமன்று. வைட்டமின் ஏ குறைவுக்கு மருந்தும் முருங்கைக்கீரையும் வேண்டும். கண்புரையாயின் புரையை நீக்கவேண்டும். பரம்பரையாக வரும் விழித்திரை நோய்க்கு இந்த லேசர் பயன்படாது. பலருக்குப் பழைய கண்ணாடியை மாற்றினாலே போதும்.

நெசவாளர் விஷயம் தனி. மூன்று டயாப்டர் கிட்டப்பார்வை உள்ளவர் கண்ணாடியைக் கழற்றினால், ஓரடித் தூரத்து இழை தெளிவாகத் தெரியும். நாற்பது வயதுக்குப்பின் அறுந்த பாவு இழையைப் பிணைக்க அதுவே அவருக்குச் சொத்து. லேசர் தூரப்பார்வையைத் திருத்தியபின் அச்சொத்து போய்விடும். தறியருகே வெள்ளெழுத்துக் கண்ணாடியைத் தேடவேண்டியதுதான். கடன்பட்டு இதையா வாங்குவது?

இரவில் வண்டியோட்டும் வாலிபர், கண்ணாடி அளவு மாறாது நிலைத்தவர், இவர்க்குக் கடன் தர நமக்குத் தடையில்லை. ஆனால் சொட்டு மருந்திட்டு விழித்திரை வரை பார்த்துக் காரணம் குறித்த மருத்துவர் சீட்டை மனுவுடன் கேட்குமாறு நிர்வாகக் குழுவினரை வேண்டுகிறோம். தாம் செய்யும் தொழிலையும் மருத்துவரிடம் அங்கத்தினர் சொல்லவேண்டும். இப்பரிசோதனைக்குச் செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே கண் பிரிவு இருக்கிறது. 1819-இல் தோன்றிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கும் ஒரே ரயிலில் போய்வரலாம்.